பொறுப்பேற்கும் முப்பத்தேழு வாக்கியங்கள்

விபத்து நடந்த பதினேழாவது நாள், வேன் கம்பெனியின் தலைமை இயக்குநர் டப்ளின் நகரத்திலிருந்து திருப்பூருக்குப் போனில் பேசினார். பேச்சு மொத்தம் நான்கு நிமிடம். அதில் தன்னுடைய பொறுப்பைப் பற்றி அவர் சொன்ன பகுதி பதினான்கு விநாடி. அந்தப் பதினான்கு விநாடி முடிந்ததும், இறந்த குழந்தையின் தாய் அவர்மேல் தவறில்லை என்று சொல்லிவிட்டு, மகளைக் கொன்றது தான்தான் என்று ஒப்புக்கொண்டாள். பதிவில் அப்படித்தான் இருந்தது.

அந்தப் பதிவின் ஆங்கிலப் படியை வழக்கறிஞர் ஜமீலா, கோயம்புத்தூரில் வசுமதியின் சாப்பாட்டு மேசைமேல் வைத்தபோது காலை பத்து மணி. வசுமதி மொழிபெயர்ப்பாளர், வயது ஐம்பது. 'இணைகுரல்' என்ற பேச்சுமாற்றியை உருவாக்கிய நிறுவனத்தில் ஒன்பது வருடங்களுக்கு முன் வேலை பார்த்தவள்.

"நாலாவது பக்கம் பாருங்க மேடம். மஞ்சக் கோடு போட்டிருக்கேன்."

வசுமதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். இரண்டே வரி. தவறு உங்களுடையதல்ல. என் மகளின் மரணத்துக்கு நானே பொறுப்பு.

"என்ன கேஸ் இது?"

"நியூஸ்ல பார்த்திருப்பீங்க. திருப்பூர்ல ஸ்கூல் வேன். ஏழு வயசுப் பொண்ணு, மிதுனா."

அந்த வேன்களுக்கு ஓட்டுநர் கிடையாது. வீட்டு வாசலில் வந்து நிற்கும், கதவு திறக்கும். பிள்ளை ஏறியதும் பெற்றோர் தங்கள் போனில் 'ஏத்தியாச்சு' என்ற பொத்தானைத் தொட வேண்டும். பிறகு வேன் தானாகவே உள்ளே ஒருமுறை எண்ணிப் பார்க்கும். எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் நகரும். மே மாத விடுமுறையில் மென்பொருளை மாற்றியபோது அந்த இரண்டாவது எண்ணிக்கையை எடுத்துவிட்டார்கள். ஒரு வாசலுக்கு ஆறு விநாடி மிச்சம்.

மிதுனாவின் தெருவில் எல்லாத் தாய்மார்களும் எட்டரை மணி ஷிப்டுக்கு ஓடுகிறவர்கள். கதவு திறந்ததுமே பொத்தானைத் தொட்டுவிட்டுச் செருப்பை மாட்டப் போவது அங்கே எல்லோருக்கும் வழக்கம். வேன்தான் எப்படியும் எண்ணிப் பார்க்குமே. அது இனி எண்ணாது என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. ஜூலையில் ஒரு வியாழக்கிழமை மிதுனாவின் தாய் கோகிலவாணி வழக்கம்போலப் பொத்தானைத் தொட்டாள். படியில் ஒரு காலை வைத்த மிதுனா, கழன்று விழுந்த ஷூவை எடுக்க இறங்கினாள். ஷூ வேனுக்குப் பின்னால் உருண்டிருந்தது. பின்பக்கக் கேமரா நிற்பவர்களைப் பார்க்கும், ஒட்டிக் குனிந்திருப்பவர்களைப் பார்க்காது. சந்து குறுகல் என்பதால் வேன் பின்னால் வந்துதான் திரும்ப வேண்டும்.

"அந்தம்மா உண்மையிலேயே இப்படிச் சொன்னாங்களா?" என்றாள் வசுமதி.

"ரெக்கார்டிங் போடறேன். நீங்களே கேளுங்க."

முதலில் ஆண்குரல், தமிழில். இணைகுரலின் விசேஷம் அதுதான். பேசுகிறவரின் சொந்தக் குரலே அரை விநாடி தாமதத்தில் வேறு மொழியில் போய்ச் சேரும். மருத்துவமனை, காவல் நிலையம், வங்கி என்று எங்கும் அது வந்துவிட்டது. நடுவில் ஒன்று இருக்கிறது என்பதையே ஜனங்கள் மறந்துவிட்டார்கள்.

"அம்மா... எல்லாம் என்னாலதாம்மா. நான்தான் பார்த்திருக்கணும். பார்க்காம விட்டுட்டேன்." குரல் நடுங்கியது. மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம்கூடக் கேட்டது.

உடனே பெண்குரல். "ஐயோ, அப்புடிச் சொல்லாதீங்க சாமி. உங்க மேல என்னங்க தப்பு? நீங்க எந்தத் தேசத்துலயோ இருக்கறீங்க. நான்தானுங்க பாவி. தலை சீவி, பூ வெச்சு, நானே அனுப்பிக் கொன்னுட்டனுங்க..." அப்புறம் வெறும் அழுகை. ஆங்கிலப் படியில் அந்த இடத்தில் 'பேச்சு இல்லை' என்றிருந்தது.

"அவர் இங்கிலீஷ்ல சொன்னது இருக்கா?"

ஜமீலா அதையும் போட்டாள். "ஐ டேக் ஃபுல் ரெஸ்பான்ஸிபிலிட்டி. ஐ ஷுட் ஹேவ் பீன் அவேர். திஸ் இஸ் ஆன் மீ." விமானம் தாமதமாகும் என்று அறிவிக்கிற குரல். தாள் திருப்பும் ஓசை இருந்தது. நடுக்கம் எதுவும் இல்லை.

"இதை அதுவா மாத்தினது யாரு மேடம்?"

"நான்தான்."

முப்பத்தேழு வாக்கியங்கள். ஆங்கிலத்தில் ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்ளும் வாக்கியங்களை எல்லாம் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் நேரான தமிழை எழுதுவது ஒன்பது வருடத்துக்கு முன் அவளுக்குக் கொடுத்த வேலை. அதற்குமுன் இயந்திரமே செய்துகொண்டிருந்தது. 'தி பக் ஸ்டாப்ஸ் வித் மீ', அதாவது கடைசிப் பொறுப்பு என்னுடையது என்று ஒரு மருத்துவமனைத் தலைவர் சொன்னதை, 'பக்' என்றால் மான் என்று எடுத்துக்கொண்டு, 'கலைமான் என்னோடு நிற்கிறது' என்று நோயாளியின் குடும்பத்துக்குச் சொல்லியிருந்தது. சிரித்துவிட்டு விட்டுவிடக்கூடிய பிழை அது. சரியாக மொழிபெயர்த்த வாக்கியம்தான் அவளைத் தொந்தரவு செய்தது. 'முழுப் பொறுப்பையும் நான் ஏற்றுக்கொள்கிறேன்' என்று இணைகுரல் சொன்னபோது, தவறான ஊசியால் கை போன ஒருவரின் அண்ணன், "இவன் என்ன எலெக்‌ஷன்ல தோத்துட்டானா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனான். அந்தப் பதிவை அவள் பலமுறை கேட்டாள். நொந்துபோனவர்களிடம் அறிக்கை வாசிக்கக் கூடாது என்று முடிவு செய்தாள். நம் மனிதர்கள் இந்த இடத்தில் என்ன சொல்வார்களோ அதை எழுதினாள். எல்லாம் என்னாலதான். நான் பார்த்திருக்கணும். பாவி நான்.

சோதனையில் கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். நிறுவனம் அவளுக்கு ஒரு கேடயம் கொடுத்தது. அதே வாக்கிய அட்டவணையைத் திருப்பிப் போட்டுத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு ஒரு தாள் வந்தபோது, கையெழுத்துப் போட்டாள்.

"மெஷின் தப்புன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க, போதும்," என்றாள் ஜமீலா.

"மெஷின் தப்புப் பண்ணலையே ஜமீலா. ரெண்டு பக்கமும் அட்டவணைப்படிதான் போயிருக்கு. இங்கிலீஷ்ல இது ஒரு கதவைச் சாத்துற வரி. சொல்லிட்டா அடுத்த விஷயத்துக்குப் போயிடலாம். கேக்கறவங்க பதில் சொல்ல வேண்டியதில்ல. நம்ம ஊர்ல ஒருத்தர் 'என்னாலதான்'னு அழுதா, சும்மா கேட்டுட்டு நிக்க முடியுமா?"

"எப்படி முடியும்? 'நீ என்ன பண்ணுவே, நான்தான் பாவி'ன்னு உடனே சொல்லணும். எங்க பெரிய மாமா மௌத்தானப்போ எட்டுப் பேர் நான்தான் கொன்னேன்னு அழுதோம். அவருக்கு எண்பத்தஞ்சு வயசு. தூக்கத்துல போனாரு."

வசுமதி சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

"அதையேதான் இந்தப் பொண்ணும் செஞ்சிருக்கா. ஒரு எழவு வீட்டுல செய்ய வேண்டிய மரியாதையைச் செஞ்சிருக்கா. மெஷின் அதை வாக்குமூலம்னு எழுதிக்கிச்சு."

ஜமீலா மீதியைச் சொன்னாள். தீர்ப்பாயத்தில் மூன்று பேர், மூவரும் வெளிநாட்டில். அவர்களுக்கு ஆங்கிலப் படிதான் ஆவணம். திருத்தம் கேட்கலாம், ஆனால் பேசியவரே நேரில் வந்து சொல்ல வேண்டும். புதன்கிழமை விசாரணை. "ஒரே கேள்விதான் மேடம். மகளோட சாவுக்கு நீங்க பொறுப்பான்னு கேப்பாங்க. இல்லைன்னு சொன்னா இந்தப் பக்கத்தை எடுத்துட்டு வேனைப் பத்தி விசாரிப்பாங்க. சொல்லலைன்னா, பாதுகாவலர் பிழைன்னு எழுதியிருக்கற முதல் அறிக்கையையே தீர்ப்பாக்கி மூடிடுவாங்க. பெத்தவதான் கொன்னான்னு காலத்துக்கும் அதுல இருக்கும். நானூறு வேனும் இப்ப ஓடுற மாதிரியே ஓடும்."

"இல்லைன்னு சொல்றதுல என்ன கஷ்டம்?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். மூணு தடவை கேட்டுட்டேன்."

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் திருப்பூர் போனார்கள். ஒரே காம்பவுண்டுக்குள் எட்டு வீடுகள். ஐந்தாவது வீட்டு வாசலில் கோகிலவாணியின் கணவன் மோகன்ராஜ் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். "உள்ளதானுங்க இருக்கறா" என்று சொல்லிவிட்டு மறுபடி துடைக்கத் தொடங்கினான். உள்ளே பார்த்துக் கூப்பிடவில்லை.

அவனைப் பற்றி வரும்போதே ஜமீலா சொல்லியிருந்தாள். முதல் பதினேழு நாளும், உன்மேல என்ன தப்பு என்று மனைவியைத் தேற்றியவன் அவன்தான். ஆங்கிலப் படி தபாலில் வந்தது. போனை வைத்துத் தமிழில் படிக்கச் சொல்லிக் கேட்டான். அன்றிலிருந்து பேச்சில்லை. "வாயால சொன்னது மறந்துரும் மேடம். பேப்பர்ல வந்துட்டா அது வேற."

கோகிலவாணி தரையில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். பனியன் கம்பெனிக்கு இன்னும் போகவில்லை, வேலையை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஏற்றுமதிக்குப் போகும் குழந்தைச் சட்டைகள், ஆறிலிருந்து ஏழு வயது அளவு. தையலோரம் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை ஒவ்வொன்றாக வெட்டி, சட்டையை உதறி, மடித்து அடுக்கினாள். முப்பது வயதிருக்கும்.

"காப்பி குடிக்கறீங்களா மேடம்?"

"வேண்டாம்மா. உக்காருங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." வசுமதியும் தரையில் உட்கார்ந்தாள். "அந்த டைரக்டர் உங்ககிட்டப் பேசினார் இல்லையா, எல்லாம் என்னாலதான்னு. அது அவர் சொன்னதில்ல. நான் எழுதி வெச்ச தமிழ். அவர் வேற சொன்னார். மெஷின் என்னோட தமிழை எடுத்து அவர் குரல்ல பேசிடுச்சு."

கோகிலவாணி கத்தரியைக் கீழே வைத்தாள்.

"அவரு அழுதாருங்களே."

"அழலைம்மா. வாக்கியத்துக்கு ஏத்த மாதிரி குரலை மாத்துறது அந்த மெஷினோட வேலை."

"அப்ப அவரு என்னதானுங்க சொன்னாரு?"

வசுமதி ஜமீலாவைப் பார்த்தாள். ஜமீலா போனை எடுத்து அந்தப் பதினான்கு விநாடியைப் போட்டாள். கோகிலவாணி பன்னிரண்டாவது வரை படித்தவள், ஆங்கிலம் அரைகுறையாகப் புரியும். அவள் வார்த்தைகளைக் கேட்கவில்லை. தலையைச் சாய்த்துக் குரலைக் கேட்டாள். இன்னொருமுறை போடச் சொன்னாள்.

"ஸ்கூல் ஆண்டு விழாவுல மைக்குல பேசுவாங்களே, அந்த மாதிரி இருக்குதுங்க."

"ஆமா."

பக்கத்து வீட்டு மிக்சி ஓடி நின்றது.

"எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னாங்க," என்றாள் கோகிலவாணி. "வாரவங்க, போறவங்க, எல்லாரும். நான் ஆறுதல் சொல்றதுக்கு ஒரு ஆளு கெடைக்கலீங்க. அன்னைக்கு அவரு அழுகவும், பாவம், எங்கியோ கடலுக்கு அந்தப்பக்கம் ஒருத்தரு எம்புள்ளைக்காக இப்புடி அழுகறாரேன்னு இருந்துச்சு. நான் அவரத் தேத்துனேன். அன்னைக்குத்தானுங்க எனக்குச் சோறு எறங்குச்சு." சட்டை ஒன்றை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "இப்ப அதுவும் இல்லேன்னு சொல்றீங்க."

வசுமதியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஜமீலாதான் ஆரம்பித்தாள். "கோகிலா, புதன்கிழமை கேள்வி கேப்பாங்க. அதுக்கு ஒரு வார்த்தை..."

"ஏத்தியாச்சுன்னு தொட்டது இந்தக் கையிதானுங்க அக்கா."

"தெருவே அப்படித்தானே தொட்டுட்டு இருந்துச்சு. எல்லாரும்தானே தொட்டாங்க?"

"எல்லாத்துக்கும் புள்ள இருக்குதுங்களே."

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. மோகன்ராஜ் ஈரத்துணியுடன் நின்றான்.

"போய் இல்லேன்னு சொல்லிட்டு வா," என்றான். குரல் உடைந்திருந்தது. "எனக்காகவாச்சும் சொல்லிட்டு வா. அந்தப் பேப்பரை வெச்சுக்கிட்டு என்னால உம் மூஞ்சியப் பாக்க முடியல."

ஏழு வாரத்தில் அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. கோகிலவாணி அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "செரி" என்றாள்.

*

புதன்கிழமை காலை பஸ்ஸில் ஜமீலா அவளைப் பழக்கினாள். "இது ஊட்டி பஸ்ஸா?" "இல்லீங்க." "ஜன்னலோரம் சீட் கெடச்சுதா?" "இல்லீங்க." "கண்டக்டர் அழகா இருக்காரா?" கோகிலவாணி கண்டக்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சத்தியமா இல்லீங்க" என்றாள். இருவரும் சிரித்தார்கள். கோயம்புத்தூர் வந்து சேரும்போது அந்த வார்த்தை அவள் வாயில் இயல்பாக வந்துகொண்டிருந்தது.

விசாரணை அறை ஒரு வணிக வளாகத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. சுவர் முழுக்கத் திரை, அதில் மூன்று முகங்கள். தலைவர் நரைத்த தலையுள்ள ஒரு பெண்மணி, கனிவான முகம். இணைகுரல் மேலேயே புகார் இருப்பதால் அன்றைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று முடிவாகியிருந்தது. வசுமதி மொழிபெயர்க்கலாமா என்று கேட்டபோது, கம்பெனி தரப்பு வழக்கறிஞர் நரேன் சுப்பையா மறுக்கவில்லை. இணைகுரலின் தமிழே அவளுடைய தமிழ்தானே, அதை எப்படி மறுப்பது? அவர் பாளையங்கோட்டைக்காரர். வசுமதி உண்மையாக மொழிபெயர்ப்பதாக உறுதிமொழி எடுத்தாள்.

முதல் அரை மணி நேரம் ஆவணங்களுக்குப் போனது. பிறகு கோகிலவாணியை அழைத்தார்கள். அடையாளத்துக்காகத் திரையின் ஒரு மூலையில் மிதுனாவின் பள்ளி அடையாள அட்டைப் படத்தைப் போட்டார்கள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, இரட்டைப் பின்னல், முன்பல் இரண்டு இல்லை. அது வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

தலைவர் கேள்வியைக் கேட்டார். வசுமதி கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னாள். "உங்க மக மிதுனாவோட சாவுக்கு நீங்க பொறுப்பாம்மா?"

கோகிலவாணி வாயைத் திறந்தாள். ஜமீலா மேசைக்கடியில் விரல்களைக் கோத்துக்கொண்டாள்.

"அவ பொறந்ததுல இருந்து எல்லாத்துக்கும் நான்தானுங்க," என்றாள் கோகிலவாணி. படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "காச்சலடிச்சா நான். பல்லு விழுந்தா நான். ஸ்கூல்ல ஆரு மேலயாச்சும் தண்ணி ஊத்திட்டு வந்தாலும் என்னையத்தான் கூப்புடுவாங்க. அப்பெல்லாம் ஆமாங்க, எம்புள்ளதானுங்கன்னு போய் நின்னனுங்க. இதுக்கு மட்டும் நான் இல்லேன்னு எப்புடிங்க சொல்றது? அப்ப அவ ஆரோட புள்ளைங்க? ஆமாங்க. நான்தான் பொறுப்பு."

திரையில் மூன்று முகங்களும் காத்திருந்தன. "ஆம் அல்லது இல்லை என்று பதிவு செய்ய வேண்டும்," என்று தலைவர் ஆங்கிலத்தில் மெதுவாக நினைவூட்டினார்.

ஒன்பது வருடத்துக்கு முன்பாக இருந்தால் இந்த ஒரு பதிலுக்கு வசுமதி ஒரு வாரம் எடுத்துக்கொண்டிருப்பாள். அங்கே அவளுக்கு இருந்தது மூன்று விநாடி. கேட்டதைக் கேட்டபடி சொன்னால், இந்தப் பெண் தன் மகளைக் கொன்றவள் என்று அது எழுதப்படும். சொல்லாமல் மாற்றினால், இந்தப் பெண்ணின் பேச்சை அவள் இரண்டாவது தடவையாக மாற்றுகிறாள்.

"ஷி சேஸ் நோ," என்றாள் வசுமதி.

நரேன் சுப்பையா எழுந்தார். அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தமிழ் தெரியும். "பதில் நீளமாக இருந்தது," என்றார் ஆங்கிலத்தில், வசுமதியைப் பார்த்து. "மொழிபெயர்ப்பாளர் ஒருமுறை உறுதிப்படுத்தட்டும்."

"மற்றதெல்லாம் குழந்தையை வளர்த்ததைப் பற்றி. கேள்விக்குப் பதில், இல்லை என்பதுதான்."

அவர் கோகிலவாணியைப் பார்த்தார். அவள் இன்னும் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையிலிருந்த தாளை ஒருமுறை திருப்பினார், மறுபடி திருப்பினார். "எங்கள் தரப்பில் வேறு கேள்வி இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வெளியே தாழ்வாரத்தில் ஜமீலா தண்ணீர் பாட்டிலை வசுமதியிடம் நீட்டினாள். "எனக்கு இன்னைக்குக் காது சரியா கேக்கல மேடம். சுப்பையா சாருக்கும் அதே பிரச்சனை போல."

கோகிலவாணி ஜன்னலருகே நின்றிருந்தாள். வசுமதி அருகில் போனதும் திரும்பாமல் பேசினாள்.

"நோன்னு சொன்னீங்க. எனக்கு அந்த அளவுக்குத் தெரியுங்க."

"ஆமாம்மா."

"நான் ஆமான்னு சொன்னேன்."

"தெரியும்."

என்னாலதான், எல்லாம் என்னாலதான் என்று வசுமதியின் தொண்டைவரை வந்தது. சொன்னால் இந்தப் பெண் உடனே திரும்பி, ஐயோ அப்படிச் சொல்லாதீங்க மேடம், உங்க மேல என்ன தப்பு என்பாள். சொல்லாமல் இருக்க அவளால் முடியாது. அந்த வேலையையும் அவளிடம் கொடுக்க வேண்டாம் என்று வசுமதி வாயை மூடிக்கொண்டாள். இருவரும் கீழே போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

*

தீர்ப்பு அக்டோபரில் வந்தது, பத்தொன்பது பக்கம். நானூறு வேன்களும் நிறுத்தப்பட்டன. இரண்டாவது எண்ணிக்கையைத் திரும்பச் சேர்த்த பிறகே ஓட வேண்டும் என்று உத்தரவு. செய்தியில் அரை நிமிடம் சொன்னார்கள். பழைய படியைக் கிழித்துப் போட்டுவிட்டதாகவும், மனைவியோடு பேசுவதாகவும் மோகன்ராஜ் ஜமீலாவிடம் சொல்லியிருந்தான். அந்தத் தெருத் தாய்மார்கள் நான்கைந்து பேர் கோகிலவாணியின் வீட்டுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனார்களாம்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை கோகிலவாணி தனியாகக் கோயம்புத்தூர் வந்தாள். வசுமதியின் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்திருந்தாள். பிளாஸ்டிக் உறையிலிருந்து தீர்ப்பை எடுத்து மேசையில் வைத்தாள்.

"படிச்சுச் சொல்லுங்க மேடம்."

"போன்லயே கேட்டிருக்கலாமேம்மா. ஒரு நிமிஷத்துல படிச்சிருமே."

"அது படிக்கறது வேண்டாங்க. நீங்க படிங்க. முழுசா வேண்டாம். எம்புள்ளையப் பத்தி வர்ற எடம் மட்டும்."

வசுமதி பக்கங்களைப் புரட்டினாள். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக, பிறகு திரும்ப முதலிலிருந்து. பழைய அறிக்கையில், பாதுகாவலர் பிழை என்று எழுதியிருந்த அந்த அறிக்கையில், கோகிலவாணி, இறந்த மிதுனாவின் தாய் என்று பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. அந்தப் பகுதியை நீக்கியபோது பெயர்களும் போய்விட்டன. வெளியிடும் தீர்ப்பில் சிறுமியின் பெயர் வரக் கூடாது என்பது விதி. புதிய தீர்ப்பில் மிதுனா 'பயணி அ'. கோகிலவாணியைப் பற்றி இருந்தது ஒரே வரி, பதினோராம் பக்கத்தில். பாதுகாவலரின் செயல் இந்த நிகழ்வில் பொருட்படுத்தத் தக்கதல்ல.

"இருக்குதுங்களா?"

"இருக்கு," என்றாள் வசுமதி. பதினோராம் பக்கத்தை விரித்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். குரலைச் சரிசெய்துகொண்டு படித்தாள். "திருப்பூரைச் சேர்ந்த கோகிலவாணியின் மகள் மிதுனா, வயது ஏழு. அன்று காலை அவளுடைய தாய் அவளுக்குத் தலை வாரி, பூ வைத்து, வாசல்வரை வந்து அனுப்பினாள். பிறந்த நாளிலிருந்து அவளுக்கு எல்லாப் பொறுப்பும் அவளுடைய தாயே."

கோகிலவாணி விரலை அந்த வரியின்மேல் வைத்து நகர்த்திக்கொண்டே கேட்டாள். வரி சின்னது. வசுமதி படித்தது பெரியது. வரி முடிந்து விரல் தாளின் வெள்ளையில் நின்ற பிறகும் வசுமதி படித்துக்கொண்டிருந்தாள். கோகிலவாணி விரலைத் திரும்ப வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோனாள். மிதுனாவின் பெயரை ஆங்கிலத்தில் எழுத அவளுக்குத் தெரியும், நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டு அவள்தான் எழுதிக்கொடுப்பாள். விரல் அந்தப் பெயரைத் தேடி ஒவ்வொரு சொல்லாக நின்று நின்று போய், கடைசிவரை போய், நின்றது.

அவள் நிமிர்ந்து வசுமதியைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்க்காமல் கண்களை மூடிக்கொண்டாள்.

"இன்னொருக்காப் படிங்க மேடம்."